கமாதோவின் எலும்புகள்

சுகெரானை இந்தத் துறைமுகத்தில் பாதிப் பேர் ஊமை என்றே நினைத்திருந்தார்கள். ஊமையெல்லாம் இல்லை. பேசுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டாமா? அவன் பேசிய ஒரே ஆள் அவன் பெண்டாட்டி கமாதோ. அவள் செத்த பிறகு அவன் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. மிச்சம் மீதி இருந்ததை என்னிடம் பேசினான், அதுவும் நான் நாலு திட்டு திட்டினால் ஒரு பதில் என்கிற கணக்கில்.

நான் தியோலிந்தா. சாந்தோஸ் மீன்துறைக்குப் போகிற சந்தின் முனையில் காபியும் ரொட்டியும் பொரித்த மத்தியும் விற்றவள். கல்யாணம் ஆகவில்லை. கேட்டவனை எனக்குப் பிடிக்கவில்லை, பிடித்தவன் கேட்கவில்லை, அதோடு கதை முடிந்தது. என் வாய்க்குப் பயந்து போலீஸ்காரன்கூட என் கடைக் காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போவான். சுகெரான் எனக்கு எதிர்வீடு.

ஜப்பானைச் சேர்ந்த ஒகினாவாத் தீவிலிருந்து அவனையும் கமாதோவையும் காப்பித் தோட்ட வேலைக்கென்று கப்பலில் கூட்டி வந்தார்கள். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லையாம். தோட்டத்தில் மணியடித்து எழுப்பினார்கள், மணியடித்துப் படுக்க வைத்தார்கள், காய்ச்சல் என்று படுத்தால் குதிரையில் வந்து மிரட்டினார்கள். ஒருநாள் இரண்டு பேரும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோடு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கப்பல் இறக்கிவிட்ட துறைமுகத்துக்கே திரும்பி வந்து நின்றார்கள்.

"ஏன்யா, இவ்வளவு பெரிய நாட்டுல வேற ஊரே கிடைக்கலையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேற ஊர் எதுவும் தெரியாதே, தியோலிந்தாம்மா. இங்கதான் எறங்குனோம். இங்க நின்னா வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டக்க இருக்கற மாதிரி தோணுச்சு" என்றான்.

துறைமுகத்தில் காப்பி மூட்டை சுமந்தான். பெட்டிப் பலகைகளைப் பொறுக்கி எங்கள் சந்தில் வீடு கட்டினான். தோள் தேய்ந்த பிறகு சின்னப் படகு ஒன்று வாங்கி மீன் பிடித்தான். கமாதோ வீட்டில் தையல் மெஷின் ஓட்டினாள். எங்கள் பாஷையில் இருக்கிற வசவு அத்தனையையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். கேட்டால் கப்பல்காரனே காது பொத்துகிற வார்த்தைகள். அவள் அதைக் கோழி விரட்டப் பயன்படுத்துவாள், அத்தனை மெல்லிய குரலில். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

யுத்தம் தொடங்கின வருஷம் ஒரு மழைக்காலக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். எனக்கு நெஞ்சே விட்டுப் போயிற்று. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஏழைகளுக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. சில வருஷம் மண்ணில் கிடக்கலாம். பிறகு அடுத்தவனுக்கு இடம் வேண்டுமென்று தோண்டி எடுத்துவிடுவார்கள். உறவுக்காரர்கள் வந்து கேட்டால் எலும்பைக் கொடுப்பார்கள். யாரும் வராவிட்டால் பொதுக்குழியில் கொட்டிவிடுவார்கள், எல்லார் எலும்போடும் சேர்த்து. நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லி அழுவோம். சுகெரானோ அதைக் கேட்டதும் முகம் தெளிந்தான்.

"நல்ல ஊர்தாம்மா இது. எங்க ஊர் மாதிரியே திரும்பத் தோண்டிக் குடுக்கறாங்க."

"யோவ், துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு?"

அப்போதுதான் விளக்கினான். அவர்கள் தீவில் செத்தவர்களைச் சில வருஷம் விட்டுவிட்டு, பிறகு வெளியே எடுத்து, வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து எலும்பைக் கழுவுவார்களாம். கழுவித் துடைத்து ஜாடியில் வைத்துக் குடும்பக் கல்லறைக்குக் கொண்டு போவார்களாம். கழுவுகிற வரைக்கும் செத்தவள் பாதி வழியில் நின்றுகொண்டே இருப்பாளாம், முன்னோரிடம் போய்ச் சேர முடியாமல்.

"நின்னுட்டே இருப்பாம்மா. கால் வலிக்கும் அவளுக்கு" என்றான்.

பெண் துணைக்கு அவனுக்கு யார் இருக்கிறார்கள்? மகள் இல்லை, மருமகள் இல்லை. அடுத்த சந்தில் சோயாக்கட்டி விற்கிற நாபே என்பவள், அவள் அதே தீவுக்காரி, நாள் வந்ததும் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து தானே கழுவித் தருவதாகச் சொல்லியிருந்தாள். சுகெரான் ஒரு குயவனிடம் சொல்லி, மூடி போட்ட பெரிய மண் ஜாடி ஒன்று செய்து வாங்கி வைத்தான். யுத்தம் முடிந்து கப்பல் ஓடினால் அவளை ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது, அது ஒன்றுதான் அவன் ஆசை. வேறெதற்கும் அவன் உயிர் வாழ்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நாற்பத்து மூன்று ஜூலையில் எங்கள் கடலுக்கு வெளியே கப்பல்களை மூழ்கடித்தார்கள். ஜெர்மன்காரன் செய்த வேலை. அதற்கு ஜப்பான்காரன் படகிலிருந்து விளக்குக் காட்டினான் என்று ஊரில் பேச்சு. சுகெரான் படகில் விளக்கே கிடையாது, அது வேறு விஷயம். காலையில் போலீஸ் சந்துக்குள் வந்தது. ஜப்பான்காரர்களும் ஜெர்மன்காரர்களும் ஒருத்தர் பாக்கியில்லாமல் கடற்கரையை விட்டுப் போய்விட வேண்டும், மறுநாள் ரயிலுக்கு நிற்க வேண்டும், கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

சந்து முழுக்கக் கூச்சல். கோழியை விற்கிறவர்கள், படுக்கையைக் கட்டுகிறவர்கள், நாபே வேகாத சோயாக்கட்டியை அப்படியே தெருவில் கொட்டிவிட்டு உட்கார்ந்து அழுகிறாள். நான் சுகெரான் வருவான் என்று கடைக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். வந்தான். கையில் அந்த மண் ஜாடி.

எனக்கு வந்ததே கோபம்!

"ஏன்யா, உனக்குக் கொஞ்சமாவது விவரம் இருக்கா? தையல் மெஷினைக் கொண்டா! வலையைக் கொண்டா! என் வீட்டுல இருந்தா எவன் வந்து கேக்கறான்னு நான் பாத்துக்கறேன். வெறும் பானையைத் தூக்கிட்டு வந்து நிக்கறியே!"

"அதெல்லாம் போகட்டும்மா. இதை வச்சுக்குங்க."

"உடையறதுக்கா?"

"அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி அவ வரிசையைத் தோண்டுவாங்க. நான் வந்துடுவேன். எப்படியாவது வந்துடுவேன். நான் வர்ற வரைக்கும் குழியில கொட்டிடாம மட்டும் பாத்துக்குங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"நீ வராட்டி?"

"வருவேன்" என்றான். நான் ஜாடியை வாங்கி உள்ளே வைத்தேன்.

அவன் வீட்டைப் பூட்டிச் சீல் வைக்க ஒரு சார்ஜெண்ட் வந்தான். உள்ளே போய்ப் பார்த்தவன் மலைத்து நின்றுவிட்டான். தரை பெருக்கித் துடைத்திருந்தது, வலை மடித்து வைத்திருந்தது, அடுப்புச் சாம்பல்கூட அள்ளியிருந்தது. எடுத்துக்கொண்டு போக வருகிறவனுக்காக வீட்டைச் சுத்தம் செய்து வைத்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவியை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்தான்.

"பாத்தியா தியோலிந்தா, உன் ஜப்பான்காரனுக்கு இருக்கற மரியாதை!" என்று சார்ஜெண்ட் சிரித்தான்.

"மரியாதை அவன்கிட்ட இருக்கு. உன்கிட்ட அவன் வீடுதான் இருக்கு" என்றேன். அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. யுத்த காலத்தில் என் வாய்க்குக்கூட யாரும் பயப்படவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்கு ரொட்டியும் மத்தியும் கட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு ஜனம் நிற்கிறது, ஒரு சத்தம் இல்லை. அவர்கள் பாஷையில் பேசினால் அடி விழும் என்று சொல்லியிருந்தார்கள். குழந்தைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள் போல. சுகெரான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மலைப்பக்கம் போகிற பெட்டியில் ஏறினான். அவன் ஏறியதைப் பார்த்தேன், எந்த ஜன்னலில் உட்கார்ந்தான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சந்து சந்தாகவே இல்லை. அவர்கள் போட்டிருந்த கீரைப் பாத்தியெல்லாம் பூத்து, விதை விட்டு, காய்ந்து நின்றது. நாய்கள் பூட்டின கதவுக்கு முன்னால் படுத்துக் கிடந்தன. கொஞ்ச நாளில் சுகெரான் படகுக்கு வேறு பெயர் எழுதி வேறு ஒருவன் ஓட்டினான். சீல் எப்போது போயிற்றென்று தெரியாது, ஒருநாள் பார்த்தால் சார்ஜெண்டின் மச்சான் வால்தெமார் குடும்பத்தோடு அந்த வீட்டில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி மத்தியானத்தில் தையல் மெஷினை ஓட்டுவாள். அந்தக் கடகடச் சத்தம் கேட்டதும் "அடியே கமாதோ" என்று கூப்பிட வாய் திறந்து, பாதியில் மூடிக்கொண்ட நாள்கள் எத்தனையோ. பாவி, எனக்கு அவளை விட்டால் சிநேகிதி யார் இருந்தார்கள்?

மறுவருஷம் அந்த வரிசையைத் தோண்டுகிற நாள் வந்தது. காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாசலில் நின்றேன். ஒவ்வொரு டிராமிலும் பார்த்தேன். சுகெரான் வரவில்லை. குழி வெட்டுகிற பெலார்மினோ கமாதோவின் குழிக்கு வந்துவிட்டான்.

"கொஞ்சம் பொறு. இவ புருஷன் வந்துட்டிருக்கான்" என்றேன்.

"எங்கேயிருந்து? டோக்கியோவுலேருந்தா?"

"மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து."

"அவங்கதான் கடற்கரைக்கே வரக் கூடாதே. சும்மா நிக்காதேம்மா. சாயங்காலத்துக்குள்ள இந்த வரிசையை முடிச்சாகணும்."

பக்கத்துக் குழிக்காரர்களின் எலும்பையெல்லாம் ஒரு தள்ளுவண்டியில் போட்டிருந்தான். நான் அந்த வண்டிக்கும் கமாதோவின் குழிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். சாயங்காலம் வரை அவனைப் பேச்சில் இழுத்தேன், வம்புக்கு இழுத்தேன், அவன் அப்பன் வரைக்கும் திட்டினேன். சுகெரான் வரவில்லை.

"என்கிட்ட குடு, நான் கொண்டு போறேன்" என்றேன்.

"உறவுக்காரங்களுக்குத்தான் குடுப்பேன்."

"நான் இவ நாத்தனார்."

பெலார்மினோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஜப்பான்காரனுக்கு அக்காவா நீ? இந்த மூக்கை வச்சுக்கிட்டா?"

"எங்கம்மா ஒருமாதிரி. போதுமா? இப்ப குடுக்கறியா, இல்ல உன் பெண்டாட்டிகிட்ட வந்து நீ போன சனிக்கிழமை எங்க இருந்தேன்னு சொல்லட்டுமா?"

அவன் சனிக்கிழமை எங்கே இருந்தான் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஆனால் கொடுத்துவிட்டான். என் அம்மா பரலோகத்தில் என்னை மன்னிக்க வேண்டும்.

என் மீன்கூடையில் துணி விரித்து அவளைக் கொண்டு வந்தேன். ஜாடியில் அப்படியே போட்டு மூடி வைத்திருக்கலாம். குழியில் கொட்டாமல் பார்த்துக்கொள்ளத்தானே சொன்னான்? ஆனால் மண்ணும் வேருமாகக் கிடந்தவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கால் வலிக்கும் என்று அவன் சொன்னது மனசை அறுத்தது. நாபே எங்கே இருக்கிறாளோ. சொல்லிக் கொடுக்க இந்தக் கடற்கரையில் ஒருத்தி இல்லை. மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். மாதாவிடம், "இது பாவமா இல்லையான்னு எனக்குத் தெரியாது, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பயந்தேன். இல்லை என்று சொன்னால் பொய். கண்ணை மூடிக்கொண்டுதான் முதல் எலும்பை எடுத்தேன். கரும்புச் சாராயத்தை ஊற்றினேன், பிறகு தண்ணீர், பிறகு பழைய மேஜைத் துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது. "இவ்வளவு சின்னக் கையை வச்சுக்கிட்டாடி அவ்வளவு துணி தைச்சே?" என்று பேச ஆரம்பித்துவிட்டேன். எதிர்வீட்டில் அவள் மெஷினின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் அழுதேன், திட்டினேன், கழுவினேன். முடித்து, காய வைத்து, ஜாடியில் வைத்து மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு மழை நாளில் சுகெரான் வந்தான். தலை முழுக்க நரை. பருத்திக்காட்டில் கூலிக்கு வேலை செய்த கை, விரல் நுனியெல்லாம் கீறல். தன் வீட்டு வாசலில்தான் முதலில் போய் நின்றான்.

வால்தெமார் பல் குத்திக்கொண்டு வெளியே வந்தான். "யாருப்பா நீ? என்ன வேணும்?"

நான் அடுப்புக் கரண்டியோடு ஓடினேன். "யாருன்னா கேக்கறே? நீ படுக்கறது அவன் கட்டின வீடு! உன் பெண்டாட்டி தைக்கறது அவன் பெண்டாட்டி மெஷின்! வெக்கம் கெட்டவனே, அவன் படகையும் வித்துத் தின்னாச்சு, இப்ப யாருன்னு கேக்கறே?"

"போம்மா, போய் மீனைப் பொரி. எங்க மச்சான் குடுத்த வீடு. வேணும்னா கோர்ட்டுக்குப் போகச் சொல்லு."

"விட்டுடுங்கம்மா" என்று சுகெரான் என் கையைப் பிடித்தான். "அவ இருக்காளா?"

சந்தில் அத்தனை பேருக்கும் முன்னால் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற நான் அந்த ஒரு கேள்வியில் கையைக் கீழே இறக்கினேன். தலையை ஆட்டினேன். அவன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடைக்குள் கூட்டி வந்து காபி கொடுத்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். கடற்கரைக்கு வரப் போலீஸில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம். எதற்குப் போகிறாய் என்று கேட்டானாம் அதிகாரி. "என் சம்சாரம் எலும்பைக் கழுவணும்" என்று சொன்னானாம் இவன்.

"அட மண்டு! சாவுக்குப் போறேன், பல்வலிக்குப் போறேன்னு ஏதாவது சொல்லக் கூடாதா?"

"நிஜம் அதுதானேம்மா?"

அதிகாரி அதை ஏதோ ரகசியச் சங்கேதம் என்று நினைத்தானாம். எந்த எலும்பு, யாருக்குச் செய்தி என்று கேட்டு உள்ளே வைத்துவிட்டானாம். அந்த வரிசையைத் தோண்டுகிற நாளில் இவன் லாக்கப்பில் உட்கார்ந்து, இப்போது வண்டியில் போட்டிருப்பார்கள், இப்போது கொட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தானாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதையே நினைத்தானாம். எனக்கு எழுதத் தெரியாது, அவனுக்கும் எங்கள் எழுத்து தெரியாது. யாரையாவது பிடித்து ஒரு வரி சொல்லி அனுப்பியிருக்கலாம், அவன் எங்கே இருந்தான் என்று தெரிந்திருந்தால்.

ஜாடியை வெளியே இழுத்தேன். திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"யாரு கழுவுனது?"

"வேற யாரு இருந்தா இங்க? நான்தான்."

குனிந்தான். தரையில் நெற்றி படக் குனிந்தான். எழுந்திருக்கச் சொல்லி நான் கத்தினேன். எழுந்து, கை கழுவிவிட்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தான். நான் தலைதான் முக்கியம் என்று மண்டையோட்டை அடியில் முதலில் வைத்திருந்தேன். கால் எலும்பெல்லாம் மேலே இருந்தது. கால் அடியிலும் தலை மேலேயும் இருக்க வேண்டுமாம், அப்போதுதான் ஜாடிக்குள் அவள் உட்கார்ந்திருப்பாளாம்.

"ஐயோ! இத்தனை நாளா தலைகீழாவா நின்னா?"

"பரவாயில்லம்மா. அவ கோவிச்சுக்க மாட்டா" என்றான். உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்ப உள்ளே வைப்பது பெண் கையாகத்தான் இருக்க வேண்டுமாம், நான் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, அவன் இடம் சொல்ல, அவளை உட்கார வைத்தோம்.

"சரி, இனிமே கப்பல் ஓடும். எப்ப ஊருக்குப் போறே?" என்றேன்.

அவன் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ஊர் இல்லம்மா. அங்கதான் கடைசிச் சண்டை நடந்துச்சாம். எங்க கிராமம் இருந்த இடத்துல இப்ப விமானம் எறங்கற ரோடு இருக்காம். கல்லறை மேலயே போட்டுட்டாங்களாம். அண்ணன் வீடு, மச்சினி வீடு, ஒருத்தரும் இல்லையாம்."

ஜாடியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்ப இவளை எங்க கொண்டு போவே?"

"என்கூடத்தான். நான் எங்க சாகறேனோ அங்க ஒண்ணா வச்சுடலாம்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்புறம் என் எலும்பை யாரு கழுவுவாங்கன்னுதான் தெரியல." மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னான். என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் கழுவறேன்யா. நீ முதல்ல ஒழுங்கா செத்துக் காட்டு" என்றேன்.

அன்றைக்கு அவன் சிரித்தான், வாய்விட்டு. மறுநாள் ரயிலில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனான். இன்றைக்கும் அங்கேதான், அந்தப் பருத்தி ஊரில், யாரோ ஒருவருடைய தோட்டத்துக் கொட்டகையில் இருக்கிறான். கல்லறைத் திருநாளுக்கு யார் கையிலாவது ஒரு பை வேர்க்கடலை அனுப்பிவிடுவான், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி. அங்கே இருக்கிற அவன் ஆட்களில் இளசுகளுக்கு எலும்பு கழுவுவது அருவருப்பாம். இப்போதெல்லாம் எரித்துவிடுகிறார்களாம். அவன் எரிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறான்.

எனக்கு அவனைவிட வயசு அதிகம். முட்டி இரண்டும் போய்விட்டது, மூச்சு வாங்குகிறது, கடையைத் தங்கச்சி மகள் பார்க்கிறாள். எனக்குப் பிறகு அவன் எலும்பை நீ கழுவு என்று அவளிடம் சொன்னால் சிலுவை போட்டுக்கொண்டு ஓடுகிறாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் மற்றவர்களெல்லாம் தங்களுக்கு வேண்டியவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மன்றாடும்போது, நான் மட்டும் மண்டியிட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த நல்ல மனுஷன் சீக்கிரம் செத்துப்போக வேண்டும் என்று மாதாவிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், எனக்கு முன்னால், என் கையில் கொஞ்சம் தெம்பு இருக்கும்போதே. அவன் இன்னும் திடமாகத்தான் இருக்கிறானாம்.